அரசுத் துறைகளில் மனித வளப் பயிற்சி, மேம்பாட்டுப் பணிக்குத் தகுதி பெறுவது எப்படி?

செங்காந்தள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையிலுள்ள மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். இப்போது அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். விடுப்பு, ஊதிய நிர்ணயம், பணிப்பதிவேடு, ஓய்வூதியம் ஆகிய கோப்புகளே என் அன்றாட வேலை. ஐந்து ஆண்டுகளுக்கு முன், புதிதாகச் சேர்ந்த ஆறு எழுத்தர்களுக்கு விடுப்பு விதிகளைச் சொல்லிக்கொடுக்கும்படி எங்கள் நிர்வாக அலுவலர் கேட்டுக்கொண்டார். அன்று தொடங்கிய அந்த வகுப்பு, இன்று ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை நடைபெறுகிறது. கோப்பு வேலையைவிட இந்த வேலையில்தான் என் மனம் முழுமையாக ஈடுபடுகிறது.

ஆகையால், அரசுக்குள்ளேயே பயிற்சி மற்றும் மேம்பாட்டுப் பணிக்கு முறையாகச் செல்ல விரும்புகிறேன். ‘பயிற்சி அலுவலர்’ என்று தேடினால் வரும் அறிவிக்கைகள் அனைத்தும் பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ கேட்கின்றன. நான் தொலைநிலைக் கல்வியில் மனித வள மேலாண்மையில் எம்.பி.ஏ. முடித்திருக்கிறேன். இது போதுமா, வேறு தேர்வு எழுத வேண்டுமா, அல்லது இதற்கென்று தனிப் பணித்தொகுதியே கிடையாதா என்பது எனக்கு விளங்கவில்லை. வயது 43. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஓய்வுபெற்ற பயிற்றுநர் எழுதியது:

அம்மா, வணக்கம். மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தங்கள் குழப்பத்தின் வேர் சொல்லிலேயே இருக்கிறது. ‘பயிற்சி அலுவலர்’ என்னும் பதவிப் பெயர் பெரும்பாலும் தொழிற்பயிற்சி நிலையங்களைச் சேர்ந்தது. பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளில் மாணவர்களுக்குத் தொழில் கற்பிக்கும் பதவி அது. அதனால்தான் பொறியியல் தகுதி கேட்கிறார்கள். தாங்கள் தேடுவது, ஏற்கெனவே பணியில் இருக்கும் அரசு ஊழியரின் திறனை வளர்க்கும் வேலை. இரண்டும் வேறு வேறு உலகங்கள்.

இரண்டாவது உலகத்திற்கு நேரடியாக நுழையும் பொதுத் தேர்வு என்று ஒன்று கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாத தேர்வுக்குப் பாடத்திட்டம் தேடி ஆண்டுகளை வீணடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் பயிற்சி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிடங்கள் பெரும்பாலும் டெபுடேஷன் முறையிலேயே நிரப்பப்படுகின்றன. துறையில் வேலை செய்தவர் சில ஆண்டுகள் பயிற்சி நிறுவனத்திற்கு வந்து, தாம் அறிந்ததைக் கற்பித்துவிட்டுத் தம் துறைக்கே திரும்பிச் செல்வார். 1948ல் செயலகப் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டு இன்று டெல்லியில் செயலகப் பயிற்சி மற்றும் மேலாண்மை நிறுவனமாக இருக்கும் அமைப்பும் பெருமளவு இப்படித்தான் இயங்கி வருகிறது. எனவே, தகுதி என்பது பணிக்குள் இருந்தபடியே, பல ஆண்டுகளில் சேர்ப்பது. தாங்கள் அறியாமலேயே அதில் ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டீர்கள்.

தங்களிடம் இன்னும் இல்லாதது, பயிற்றுவிப்பதற்கான முறையான பயிற்சி. மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை, பயிற்றுநர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு தொகுப்பை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. அதன் முதற்படி ‘டைரக்ட் டிரெய்னர் ஸ்கில்ஸ்’. நாங்கள் சுருக்கமாக டி.டி.எஸ். என்போம். ஐந்து நாள் வகுப்பு. வகுப்பறையில் நின்று ஒரு பாடத்தை எப்படித் தயாரித்து நடத்துவது என்பதை அது கற்பிக்கிறது. அடுத்தது ‘டிசைன் ஆஃப் டிரெய்னிங்’, அதாவது டி.ஓ.டி. ஒரு பயிற்சித் திட்டத்தை முழுவதுமாக வடிவமைப்பது அதன் பொருள். பயிற்சித் தேவையைக் கண்டறிதல், பயிற்சியை மதிப்பிடுதல் ஆகியவற்றுக்கும் தனித்தனி வகுப்புகள் உள்ளன. இவை அனைத்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்: தேவையைக் கண்டறி, வடிவமை, நடத்து, மதிப்பிடு. மாநிலப் பயிற்சி நிறுவனங்களிலும் இவ்வகுப்புகள் நடைபெறுகின்றன. தாங்களாகப் பணம் கட்டிச் சேர இயலாது. அலுவலகம் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும்.

எம்.பி.ஏ. பட்டம் பயன்படும். ஆனால் தேர்வுக் குழுவின் முன் அமரும்போது அவர்கள் முதலில் பார்ப்பது, எந்தப் பாடத்தை, யாருக்கு, எத்தனை முறை கற்பித்தீர்கள் என்பதைத்தான்.


தேரிக்காடு எழுதியது:

ஐயா, இடையில் என் ஐயத்தையும் கேட்டுவிடுகிறேன், பொறுத்தருள வேண்டும். திருச்செந்தூர் பக்கத்தைச் சேர்ந்தவன். சமூகப் பணியில் முதுகலை, மனித வளத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்து இந்த ஆண்டு முடிக்கிறேன். அரசுப் பணியில் இல்லை. அப்படியானால் எனக்கு இந்தத் துறையில் வாசலே கிடையாதா?


திருவெறும்பூர் எழுதியது:

தம்பி, வாசல் உண்டு. ஆனால் அது மனித வளத் துறை முழுமைக்குமான வாசல். அதற்குள் நுழைந்த பிறகுதான் பயிற்சிப் பிரிவு என்னும் அறை வரும். நான் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் மனித வளப் பிரிவில் இருக்கிறேன் என்பதால், தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதல் வழி, அரசுடைமை வங்கிகளுக்காக ஐ.பி.பி.எஸ். என்னும் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வு. அதில் மனித வள அலுவலர், முதல் நிலை என்றொரு பணியிடம் இருக்கிறது. ஏதேனும் ஒரு பட்டத்துடன், பணியாளர் மேலாண்மை, தொழில் உறவுகள், மனித வளம், சமூகப் பணி, தொழிலாளர் சட்டம் போன்ற பாடங்களில் இரண்டாண்டு முழுநேர முதுகலைப் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். ‘முழுநேர’ என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வயது 20 முதல் 30 வரை. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்று ஆண்டும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு ஐந்து ஆண்டும் தளர்வு உண்டு. முதனிலைத் தேர்வில் தேறிய பிறகு முதன்மைத் தேர்வில் துறை அறிவுப் பகுதி வரும். அங்கேதான் உங்கள் வகுப்பறைப் படிப்பு கைகொடுக்கும்.

இரண்டாவது வழி, யூ.ஜி.சி. நெட். தொழிலாளர் நலன், பணியாளர் மேலாண்மை, மனித வள மேலாண்மை ஆகியவற்றை உள்ளடக்கிய பாடத்தின் குறியீட்டு எண் 55. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேர்வு என்றே பலர் இதை நினைக்கிறார்கள். ஆனால் ஓ.என்.ஜி.சி., பவர்கிரிட் போன்ற நிறுவனங்கள் மனித வளப் பணியிடங்களுக்கு இந்த மதிப்பெண்ணைக் கொண்டே ஆட்களை அழைத்திருக்கின்றன. ஆகவே நெட் தேர்வை ஒருமுறையாவது முழு முயற்சியுடன் எழுதுங்கள்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சேர்ந்தவுடன் பயிற்சிப் பிரிவைத் தர மாட்டார்கள். எனக்கு முதல் மூன்று ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஊதியப் பதிவேடும் வருங்கால வைப்புநிதியும்தான். அது வீண் என்று அன்று வருந்தினேன். பின்னர், தொழிற்கூடத்தின் மேற்பார்வையாளர்களுக்குத் தொழிலாளர் சட்டம் கற்பிக்க நின்றபோது, ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் எடுத்துக்காட்டுச் சொன்னேன்.


பிர்க்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாநில அரசின் வருவாய்த் துறையில் இருக்கிறேன். மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் மத்திய அரசைப் பற்றியவை. இந்த இழையைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது மாநில அரசு ஊழியர்களாக இருப்பார்கள் என்பதால், நம் பக்க நிலவரத்தையும் பதிவு செய்கிறேன்.

நம்மிடமும் நேரடித் தேர்வு இல்லை. ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் உள்ள பயிற்சி நிலையத்தை அறியாத அமைச்சுப் பணியாளர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. தேர்வாணையம் வழியாக இளநிலை உதவியாளராகச் சேர்பவர் அங்கே அடிப்படைப் பயிற்சி பெற்றால்தான் தகுதிகாண் பருவம் நிறைவடையும். சென்னையில் அண்ணா மேலாண்மை நிலையம் இருக்கிறது. ஊரக வளர்ச்சித் துறைக்கு மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனம் இருக்கிறது. இங்கெல்லாம் நிரந்தரப் பணியிடங்களைவிட, துறைகளிலிருந்து வந்து வகுப்பெடுப்பவர்களின் பங்கே பெரிது. முன்பு பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையாக இருந்து, இன்று மனித வள மேலாண்மைத் துறை என்றழைக்கப்படும் தலைமைச் செயலகத் துறையே இவ்விஷயத்தில் நமக்குத் தாய்.

ஆனால் பெரியவர் சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. பயிற்சிப் பணியைச் சிறப்பான இடமாகக் காட்டுகிறார். நான் பார்த்த அலுவலகங்களில், யாராவது பயிற்சி நிலையத்திற்கு மாற்றப்பட்டால், மற்றவர்கள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். யாருடனாவது மனத்தாங்கல் ஏற்பட்டால் அனுப்பிவைக்கும் இடமாகவே அது பேசப்பட்டது. செங்காந்தள் அவர்கள் இதையும் அறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.


ஓய்வுபெற்ற பயிற்றுநர் எழுதியது:

பிர்க்கா அவர்கள் சொல்வது பொய்யல்ல. நானும் அந்த ஆறுதலைக் கேட்டவன்தான். அந்த எண்ணம் நிலவுவதை அரசே அறிந்திருந்ததால்தான், நல்ல அலுவலர்களைப் பயிற்சி நிறுவனங்களுக்கு ஈர்க்கப் பயிற்சிப் படி என்ற ஒன்றை ஏற்படுத்தியது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, ‘ஏ’ பிரிவு அலுவலர்களுக்குக் கற்பிக்கும் மத்திய நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கு அது அடிப்படை ஊதியத்தில் 24 விழுக்காடு; மற்ற நிறுவனங்களில் 12 விழுக்காடு. முன்பு இவை 30, 15 ஆக இருந்தன. இந்த அளவு ஊக்கம் தரப்படும் இடத்தை அரசு ஒதுக்குப்புறமாகக் கருதவில்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

கொள்கையளவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தேசியப் பயிற்சிக் கொள்கை முதன்முதலில் 1996ல் வந்தது. 2012ல் திருத்தி வெளியிடப்பட்டது. ஒவ்வொரு துறையும் தன் ஊதிய ஒதுக்கீட்டில் குறைந்தது 2.5 விழுக்காட்டைப் பயிற்சிக்கென ஒதுக்க வேண்டும் என்றும், பயிற்சி மேலாளர் என ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. 2020 செப்டம்பரில், அரசு ஊழியரின் திறனை வளர்க்கும் தேசியத் திட்டமான மிஷன் கர்மயோகிக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2021 ஏப்ரலில் திறன் மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பிறகு, ஒவ்வொரு அமைச்சகமும் ஆண்டுத் திறன் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்றாகிவிட்டது. அதைத் தயாரிக்க ஆள் வேண்டும் அல்லவா? அமர்ந்து எழுதத் தெரிந்தவர் அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லாமல் திண்டாடும் இடங்கள் பல. செங்காந்தள் அவர்களே, தங்கள் துறையின் அந்தத் திட்டத்தை வாங்கிப் படியுங்கள். தங்கள் வாய்ப்பு அதன் பக்கங்களுக்குள்தான் இருக்கிறது.


செங்காந்தள் எழுதியது:

ஐயா, தங்கள் விளக்கத்திற்கும், பிர்க்கா அவர்களின் எச்சரிக்கைக்கும் நன்றி. ஆறுதல் சொல்லப்படுவதை நான் பொருட்படுத்தப் போவதில்லை. அரசு ஊழியருக்கான இணையவழிக் கற்றல் தளமான ஐகாட் கர்மயோகியில் இதுவரை 20க்கும் மேற்பட்ட பாடங்களை முடித்துச் சான்றிதழ்கள் வைத்திருக்கிறேன். அவை இந்தத் தகுதியில் சேருமா? மேலும், அனுபவத்திற்காக வார இறுதியில் தனியார் போட்டித் தேர்வு மையம் ஒன்றில் வகுப்பெடுக்குமாறு தோழி ஒருவர் அழைக்கிறார். அதை ஏற்கலாமா?


ஓய்வுபெற்ற பயிற்றுநர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் அது ஆபத்தானது. 1964ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 15ஆம் விதி, அரசின் முன் அனுமதியின்றி வேறு வேலையில் ஈடுபடுவதைத் தடை செய்கிறது. ஊதியம் வாங்கிக்கொண்டு தனியார் மையத்தில் தொடர்ந்து வகுப்பெடுப்பது அதற்குள் வரும். டெபுடேஷனுக்கு விண்ணப்பிக்கும்போது விஜிலென்ஸ் கிளியரன்ஸ், அதாவது நம் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்னும் சான்று, கேட்பார்கள். இத்தகைய ஒரு குறிப்பு போதும், பல ஆண்டு உழைப்பு வீணாக. வேண்டாம்.

அதற்குப் பதிலாக, சட்டமே பயிற்சியைக் குறிப்பிடும் இடங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005ன் 26ஆம் பிரிவு பொதுத் தகவல் அலுவலர்களுக்குப் பயிற்சி அளிப்பதைப் பற்றிப் பேசுகிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, விழிப்புணர்வு நிகழ்ச்சிகளையும் பயிலரங்குகளையும் குறிப்பிட்ட இடைவெளியில் நடத்துவதை நிறுவனத் தலைமையின் கடமையாக்குகிறது. இவற்றை நடத்த ஆள் கிடைக்காமல், ஒரு சுற்றறிக்கையோடு முடித்துக்கொள்ளும் அலுவலகங்கள் உள்ளன. ‘நான் நடத்தித் தருகிறேன்’ என்று எழுத்து வடிவில் கேளுங்கள். ஆணை பெற்று நடத்தும் ஒவ்வொரு வகுப்பும் தங்கள் கோப்பில் நிற்கும். வாய்மொழியாக நடத்திய பத்து வகுப்புகளைவிட அலுவலக ஆணையுடன் நடத்திய ஒன்று வலுவானது.

ஐகாட் சான்றிதழ்கள் தாங்கள் கற்றதைக் காட்டும், கற்பிக்கும் திறனை அல்ல. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விண்ணப்பத்தில் முதற்பக்கத்தில் அவற்றை அடுக்காதீர்கள். இந்தியப் பயிற்சி மற்றும் மேம்பாட்டுச் சங்கம் நடத்தும் டிப்ளமோ, பணியில் இருந்தபடியே படிக்கக்கூடியது. பட்டங்களில் ஒன்றைச் சேர்க்க விரும்பினால் அதைப் பரிசீலிக்கலாம்.


வைகைக்கரை எழுதியது:

செங்காந்தள் அக்கா, நான் அஞ்சல் துறையைச் சேர்ந்தவள். மதுரையிலுள்ள அஞ்சல் பயிற்சி மையத்திற்கு மாணவியாகப் பலமுறை சென்றிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் டி.டி.எஸ். முடித்தேன். அந்த ஐந்து நாட்களில் என்ன நடக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் தடுமாறினேன். தாங்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக ஒரு நிகழ்வை எழுதுகிறேன்.

ஒருவர் மற்றொருவருக்கு ஒரு வேலையைக் கற்பிக்கும் பயிற்சி எனக்கு வந்தது. தபால் பையின் வாயைச் சுருக்கி, பெயர்ச்சீட்டை வைத்து, கயிற்றால் கட்டி, முத்திரையிடுவதை எடுத்துக்கொண்டேன். ஆயிரம் முறை செய்த வேலை. எதிரில் அமர்ந்தவர் புள்ளியியல் துறைக்காரர். பையைக் கையால் தொட்டே அறியாதவர். நான் பையைப் பிடித்துக்கொண்டு, பெயர்ச்சீட்டு ஏன் வேண்டும், முத்திரை உடைந்திருந்தால் என்ன செய்ய வேண்டும், பையை வாங்குபவர் எதை முதலில் பார்ப்பார் என்றெல்லாம் விளக்கி, அழகாகக் கட்டியும் காட்டினேன். அவர் ஆர்வத்துடன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் முடிந்தது. மிக நன்றாகச் செய்துவிட்டோம் என்றே நம்பினேன்.

பின்னால் அமர்ந்து கவனித்த பயிற்றுநர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அவருடைய கை எத்தனை முறை கயிற்றைத் தொட்டது?” ஒருமுறைகூடத் தொடவில்லை. உடனே, முடிச்சை அவிழ்த்து அவரிடம் கொடுக்கச் சொன்னார். கயிற்றை எந்தப் பக்கமிருந்து சுற்றத் தொடங்குவது என்றே அந்த மனிதருக்குத் தெரியவில்லை. பையின் வாய் மூடாமல் விரிந்து கிடந்தது. அன்றிரவு விடுதி அறையில் அந்தக் கயிற்றையே கையில் வைத்துக்கொண்டு, என் அலுவலகத்தில் நான் ‘கற்றுக்கொடுத்த’ பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். மறுநாள் மறுவாய்ப்பில் நான் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம். மீதி நேரம் முழுவதும் அவர்தான் கட்டினார், அவிழ்த்தார், மீண்டும் கட்டினார்.


பிர்க்கா எழுதியது:

வைகைக்கரை அவர்களின் பதிவு என் கருத்தை ஓரளவு மாற்றிவிட்டது. பவானிசாகரில் நான் பயின்றபோது, வகுப்பெடுத்தவர்களுள் ஒருவரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். அவர் ஒரு பழைய தன்பதிவேட்டை, அதாவது எழுத்தர் தமக்கு வரும் தாள்களைப் பதிந்துவைக்கும் ஏட்டை, எங்கள் கையில் கொடுத்து, அதில் எத்தனை பிழைகள் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். மற்ற வகுப்புகளில் கேட்டவை மறந்துவிட்டன; தன்பதிவேடு மறக்கவில்லை.

மாநில ஊழியர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். துறைத் தேர்வுகளை முடிக்காமல் பயிற்றுநராக நினைக்க வேண்டாம். அலுவலக நடைமுறைத் தேர்வும் சார்நிலை அலுவலர்களுக்கான அக்கவுண்ட் டெஸ்டும் தேறியிருந்தால்தான் வகுப்பில் எழும் கேள்விகளுக்கு நடுங்காமல் நிற்கலாம். பதவி உயர்வுக்காக மட்டும் அவற்றை எழுதுகிறோம். கற்பிப்பதற்காக ஒருமுறை மீண்டும் படித்தால் அவை வேறு நூல்களாகத் தெரிகின்றன.


நீலாங்கரை எழுதியது:

விண்ணப்பிக்கும் முறையைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் என் அனுபவத்தைப் பகிர்கிறேன். டெபுடேஷன் பணியிடங்கள் எம்ப்ளாய்மெண்ட் நியூஸ் இதழிலும் அந்தந்த நிறுவனங்களின் இணையதளங்களிலும் அறிவிக்கப்படும். விண்ணப்பத்தை நேரடியாக அனுப்பினால் மதிப்பில்லை. ‘முறையான வழியாக’, அதாவது நம் அலுவலகத்தின் மூலமாகவே செல்ல வேண்டும். அதனுடன் கேடர் கிளியரன்ஸ் (நம்மை விடுவிக்க நம் துறை தரும் ஒப்புதல்), விஜிலென்ஸ் கிளியரன்ஸ், நேர்மைச் சான்று, கடந்த பத்து ஆண்டுகளில் தண்டனை ஏதும் உண்டா என்ற அறிக்கை, ஐந்து ஆண்டுகளின் ஏ.பி.ஏ.ஆர். (ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை) நகல்கள் ஆகியவை இணைய வேண்டும். ஏ.பி.ஏ.ஆர். நகல்களின் ஒவ்வொரு பக்கத்திலும் சான்றொப்பம் கேட்பார்கள். வயது வரம்பு பெரும்பாலும் இறுதி நாளன்று 56. ஆகையால் 43 வயதில் கவலைப்பட வேண்டியதில்லை.

நான் 2019ல் ஓர் ஆசிரியர் பணியிடத்திற்கு விண்ணப்பித்தேன். அறிவிக்கை வெளியான நான்காம் நாளே என் தாள்களைக் கொடுத்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் கோப்பு மூன்று மேசைகளைக் கடந்தது. ஒரு மேசையில், ‘இவரை அனுப்பிவிட்டால் வேலையை யார் பார்ப்பது’ என்று குறிப்பெழுதி நிறுத்திவைத்தார்கள். தலைமையகம் சென்று திரும்பியபோது இறுதி நாள் கடந்து 11 நாட்கள் ஆகியிருந்தன. நேர்காணலுக்கு அழைப்பே வரவில்லை. அடுத்த முறை, அறிவிக்கை வருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே என் விருப்பத்தை எழுத்தில் தெரிவித்து, எனக்குப் பதிலாக ஒரு தம்பியைத் தயார் செய்து, அவர் என் இருக்கையில் ஒரு மாதம் தனியாக வேலை பார்ப்பதை அலுவலருக்குக் காட்டினேன். கோப்பு ஒன்பது நாளில் கையெழுத்தானது. இப்போது மூன்றாம் ஆண்டாக அந்தப் பணியில் இருக்கிறேன்.


தேரிக்காடு எழுதியது:

நீலாங்கரை ஐயா, நீங்கள் உங்கள் இடத்திற்கு ஒருவரைத் தயார் செய்ததும் பயிற்சிப் பணிதானே? அதையும் நேர்காணலில் சொன்னீர்களா?


நீலாங்கரை எழுதியது:

சொன்னேன், தம்பி. அதைத்தான் நெடுநேரம் கேட்டார்கள். அந்த இருக்கையின் வேலைகளை எப்படிப் பட்டியலிட்டேன், எவற்றை அவர் முன்பே அறிந்திருந்தார், எவற்றை மட்டும் கற்பித்தேன், கற்றுக்கொண்டார் என்பதை எதைக் கொண்டு முடிவு செய்தேன் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். கொள்கை பற்றிய கேள்விகள் பிறகுதான் வந்தன.


செங்காந்தள் எழுதியது:

இந்த இழையில் கிடைத்தவற்றைக் கொண்டு கடந்த மூன்று வாரங்களாகச் சில வேலைகளைச் செய்திருக்கிறேன். டி.டி.எஸ். வகுப்புக்கு என் பெயரைப் பரிந்துரைக்குமாறு எழுத்து வடிவில் கோரியிருக்கிறேன். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பற்றிய பயிலரங்கை நடத்த அலுவலக ஆணையும் கிடைத்துவிட்டது. என் விடுப்பு விதிகள் வகுப்பையும் எழுத்தில் வடிவமைத்துப் பார்த்தேன். அதன் நோக்கமாக இவ்வாறு எழுதியிருக்கிறேன்: ‘வகுப்பின் முடிவில் பங்கேற்பாளர்கள் ஈட்டிய விடுப்பு விதிகளை நன்கு புரிந்துகொள்வார்கள்.’ பெரியவர் திருத்தித் தர வேண்டும்.


ஓய்வுபெற்ற பயிற்றுநர் எழுதியது:

அம்மா, ‘நன்கு புரிந்துகொள்வார்கள்’ என்பதை எப்படிப் பார்ப்பீர்கள்? புரிதல் கண்ணுக்குத் தெரியாது. தேர்வுக் குழுவில் யாராவது அந்த வாக்கியத்தைப் படித்தால், உடனே பேனாவை எடுப்பார். பயிற்சி நோக்கத்தில் மூன்று கூறுகள் இருக்க வேண்டும்: அவர் என்ன செய்வார், எந்தச் சூழலில் செய்வார், எந்த அளவுக்குச் சரியாகச் செய்வார். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாதிரிப் பணிப்பதிவேடு ஒன்றும் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளும் தரப்பட்டால், பங்கேற்பாளர் ஓர் ஆண்டுக்கான ஈட்டிய விடுப்புக் கணக்கை 30 நிமிடங்களுக்குள் பிழையின்றி முடிப்பார்.’

மாதிரிப் பதிவேட்டில் எளிய கணக்கை மட்டும் வைக்காதீர்கள். ஜனவரி முதல் நாளும் ஜூலை முதல் நாளும் 15 நாள் வரவு வைப்பது எல்லோருக்கும் தெரியும். அரையாண்டில் 40 நாள் ஊதியமில்லா அசாதாரண விடுப்பு எடுத்த ஒருவரைச் சேருங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு கழியும் என்பதால், அடுத்த வரவு 15 அல்ல, 11. அரையாண்டின் நடுவில் பணியில் சேர்ந்த ஒருவரையும் சேருங்கள். முழுமையான மாதம் ஒன்றுக்கு இரண்டரை நாள் வீதம் அவருக்கு வரவு வரும். பிழை நடப்பது இந்த இடங்களில்தான் என்பது தங்களுக்கே தெரியும், எத்தனை பதிவேடுகளைத் திருத்தியிருக்கிறீர்கள்!

மதிப்பீட்டையும் இப்போதே திட்டமிடுங்கள். 1959ல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகள் பயிற்சி உலகில் இன்றும் பயன்படுகின்றன: பங்கேற்பாளர் வகுப்பை விரும்பினாரா, கற்றாரா, இருக்கைக்குத் திரும்பிய பின் வேலையை மாற்றிச் செய்கிறாரா, அதனால் அலுவலகத்திற்குப் பயன் விளைந்ததா. நாம் பெரும்பாலும் முதல் நிலையில், பின்னூட்டப் படிவத்தோடு நின்றுவிடுகிறோம். தாங்கள் மூன்றாம் நிலை வரை செல்லலாம். பதிவேடுகள் தங்கள் பீரோவிலேயே இருக்கின்றன.


செங்காந்தள் எழுதியது:

ஐயா, எழுதி முடித்தேன். வகுப்புக்கு முன், எங்கள் பிரிவின் பதிவேடுகளில் 60ஐ எடுத்து, நானே சரிபார்த்து, விடுப்புக் கணக்கில் பிழையுள்ளவை எத்தனை என்று குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த ஜனவரி வரவு வைத்த பிறகு அதே 60 பதிவேடுகளை மீண்டும் எடுப்பேன். மாதிரிப் பதிவேட்டில் அந்த 40 நாள் விடுப்பையும், மார்ச் மாத நடுவில் சேர்ந்த ஓர் எழுத்தரையும் சேர்த்திருக்கிறேன். வகுப்பு வருகிற வியாழக்கிழமை காலை. இம்முறை கரும்பலகையில் நான் கணக்குப் போட்டுக் காட்டப் போவதில்லை. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு பதிவேடும் பென்சிலும் இருக்கும்.


வைகைக்கரை எழுதியது:

அக்கா, அழிப்பானும் வையுங்கள். வெள்ளிக்கிழமை இங்கே வந்து, எத்தனை பேர் 11 என்று எழுதினார்கள் என்பதைச் சொல்லுங்கள்.